டிட்லியை எங்கே நிறுத்துவது

மிதித்திருந்தால் தாண்டியிருக்கலாம். ரயில்வே கேட்டின் கம்பி இறங்க ஆரம்பித்தபோது டிட்லி என்கிற அந்தக் குட்டிக் காருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு லாரி நீளம்கூட இல்லை. ஆனால் திலகவதி மிதிக்கவில்லை, கம்பி நிதானமாக வந்து முகத்துக்கு நேரே படுத்துக்கொண்டது, பின்சீட்டில் அவள் தம்பி கருணாகரன் உச்சுக்கொட்டினான். "அமுக்கியிருந்தா போயிருக்கலாம்க்கா." போயிருக்கலாம்தான். இருபது வருஷத்துக்கு மேலாகக் கார் விற்கிறவளுக்கு எந்தச் சந்தில் எந்த வண்டி நுழையும் என்று தம்பி சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் இருக்கிறது, பங்க்கில் அவன் வாடகைக்குப் பேசி வைத்திருக்கிற பெரிய கார் நிற்கிறது, வெள்ளை வெளேரென்று, இங்கிருந்தே அதன் கூரை தெரிகிறது. கேட்டைத் தாண்டியதும் டிட்லியைப் பங்க்கில் ஓரங்கட்டிவிட்டு எல்லோரும் அதில் ஏறி, சங்கரன்கோவிலில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் ஜம்மென்று இறங்க வேண்டும் என்பது திட்டம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லாமல், ராஜபாளையம் தாண்டிய பிறகு சொன்னான். திலகவதி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாள். ஷோரூமில் ஒருவர் பார்க்கலாம் என்றால் வாங்க மாட்டார் என்று அர்த்தம், அது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம், ஆனால் தன் வாயிலிருந்து வந்த பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதனால்தான் கேட் விழட்டும் என்று நின்றாள். ஒரு ரயில் வந்து போகிற நேரம் போதும், அதைவிடக் குறைந்த நேரத்தில் எத்தனையோ பேரை முடிவெடுக்க வைத்திருக்கிறாள், தன்னை வைக்க முடியாதா என்ன. என்ஜினை அணைத்தாள்.

அணைத்ததும் வெயில் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிகளை இறக்கினார்கள். வெளியே வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள், உள்ளே மல்லிகைப்பூவும் வாழைப்பழமும் சேர்ந்து கல்யாண வீட்டு வாசனை. பக்கத்து சீட்டில் கணவர் கணபதி, மடியில் பூவும் பழமும் வெற்றிலையும் அல்வாவும் அடுக்கிய கூடை, வீட்டில் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. பள்ளிக்கூட குமாஸ்தா, எதைக் கொடுத்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்வார், அபிப்பிராயம் மட்டும் கொடுக்க மாட்டார். பின்னால் நடுவில் அவருடைய அக்கா ஆவுடையம்மாள், திலகவதிக்கு மதினி. ஒரு பக்கம் கருணாகரன், இன்னொரு பக்கம் அவன் மனைவி மல்லிகா, வண்டி நகர்ந்ததும் தூங்கியவள், கல்யாணத்தன்று எழுப்பினால் போதும். ஆக ஐந்து பேர். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்பது மதினியின் சட்டம், மூன்று ஆகாது என்பது உபசட்டம், ஏழுக்கு டிட்லியில் இடமில்லை. அந்த வகையில் இந்த வண்டிக்குக் கும்பிடு போடலாம், பெரிய வண்டியாக இருந்திருந்தால் கணபதியின் சித்தப்பா வகையறா ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுச் சாம்பாரில் உப்பு சரியா என்பது வரை விசாரித்துவிட்டு வந்திருக்கும். மாப்பிள்ளை விஷயத்தில் விசாரிக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை ஹரிஹரனும் திலகவதியின் மகள் சிந்துஜாவும் கோயம்புத்தூரில் ஒரே பேங்க்கில் வேலை பார்க்கிறார்கள், அவர்களே பிடித்து அவர்களே பேசி முடித்துவிட்டார்கள், பெரியவர்கள் செய்ய வேண்டியது வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சம்மதம் சொல்வதுதான். மாப்பிள்ளை வீட்டார் போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார், சாதுவான மனுஷன், அதிகம் பேசவில்லை. அம்மா பேசினாள். பேசிக்கொண்டே வீட்டைப் பார்த்தாள், ஷோகேஸைப் பார்த்தாள், சிந்துவின் கழுத்தைப் பார்த்தாள், எல்லா அம்மாக்களும் பார்க்கிறதுதான். டிட்லியைப் பார்க்கவில்லை. டிட்லி அன்றைக்கு சர்வீஸுக்குப் போயிருந்தது. சர்வீஸ் தேதி வந்திருந்தது, அதனால் விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

வலது பக்கச் சந்தில் ஒரு பைக் நுழைந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முன்னால் டேங்க் மேல் ஒரு குழந்தை, பின்னால் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு ஒரு குழந்தை, அவள் மடியில் துணிப்பை. டேங்க் மேல் இருந்த பெண் குழந்தை டிட்லியின் கண்ணாடியில் முகம் பார்த்து நாக்கை நீட்டியது, திலகவதியும் நாக்கை நீட்டினாள். இவர்களுக்காகத்தானே டிட்லியையே செய்தார்கள். டிட்லி வந்த புதிதில் ஷோரூமுக்குக் கார் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் வந்தார்கள், பைக்கில் நாலு பேர், மழை பெய்தால் குழந்தைக்கு மட்டும் பிளாஸ்டிக் பை போர்த்தி. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். அந்தச் சத்தமில்லாத நிமிஷத்தில் திலகவதி வாயே திறக்க மாட்டாள், மற்ற விற்பனையாளர்கள் மைலேஜ் அது இது என்று வளவளப்பார்கள், இவள் வெளியே நின்று காத்திருப்பாள். உள்ளே இருக்கிற அம்மா பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்ப்பாள், பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டிருக்கும், முடிந்தது, வண்டி விற்றாயிற்று. டெலிவரி அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும்போது ஆண்பிள்ளைகள்கூட அழுதிருக்கிறார்கள். அவளே ஒரு டிட்லி எடுத்தாள், மாம்பழ மஞ்சள் நிறத்தில், இதே வண்டி. ஊர்க்காரர்கள் அதன் வடிவத்தைப் பார்த்து இட்லி என்று பேர் வைத்தார்கள், இட்லி வருது பாரு, இட்லி போகுது பாரு, வைத்துக்கொள்ளட்டும், இட்லி பிடிக்காதவன் இந்த ஊரில் யார். சிந்துவுக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயசு. பள்ளிக்கூடம் விட்டதும் ஷோரூமுக்கு வந்து மூலையில் நாற்காலி போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள், சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் டிட்லியில் வீட்டுக்குப் போவார்கள். இந்த ஸ்டியரிங்கில்தான் அவள் ஓட்டப் பழகினாள், அய்யனார் கோவில் போகிற ரோட்டில், முதல் நாளே மாட்டுவண்டிக்கு வழி விடுகிறேன் என்று பள்ளத்தில் இறக்கினாள், நாலு பேர் சேர்ந்து தூக்கி வெளியே வைத்தார்கள், நாலே பேர், வேறெந்தக் காரை அப்படித் தூக்க முடியும்.

அப்படி ஓடிய வண்டியை இன்று சீந்துவார் இல்லை. கம்பெனி போன மாதம் நிறுத்தியே விட்டது, கடைசியாக நின்ற ஒன்றை ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் பழகுகிற பிள்ளைகள் இடித்தாலும் மனசு வலிக்காது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். ஏன் நின்றது என்று சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் என்னென்னவோ சொன்னார்கள், இரும்பு விலை என்றார்கள், புகை விதி என்றார்கள், இருக்கலாம். திலகவதிக்குத் தெரிந்த காரணம் பஞ்சு மார்க்கெட் முக்கில் நின்ற பெரிய போர்டு. நாட்டிலேயே விலை குறைந்த கார் என்று போட்டு, விலையை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தார்கள். ஊரில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் அந்த விலை தெரியும், டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும். தன் புடவை என்ன விலை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு யாராவது கல்யாணத்துக்குப் போவார்களா. வண்டியில் ஒரு குறையும் இல்லை, அதன் விலை ஊருக்கே தெரிந்துபோனதுதான் குறை. இது சத்தியம் என்று அவள் கண்டுகொண்டது கொழும்பில். நன்றாக விற்றவர்களைக் கம்பெனி ஒருமுறை அங்கே சுற்றிப்பார்க்கக் கூட்டிக்கொண்டு போனது, விமான நிலையத்து வாசலில் அவளை ஏற்றிக்கொள்ள வந்து நின்றது ஒரு டிட்லி. அங்கே வரி மேல் வரி போட்டு அதன் விலை எங்கேயோ போய் நின்றது. ஓட்டி வந்த தம்பி சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, இறங்கும்போதெல்லாம் மஞ்சள் துணியால் பானட்டைத் துடைத்தான். "இந்த வாகனத்தை எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை அக்கா. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வந்தவையும் முதல்ல இதைத்தான் பார்த்தவை" என்றான், பெருமையாக. அதே தகரம், அதே சக்கரம், கடலைத் தாண்டியதும் சீமான் வீட்டு வண்டி. அவளோடு படித்த வசந்தாவின் மகள் ஜப்பானில் இருக்கிறாள், அங்கே டாக்டர்களே தீப்பெட்டி போல வண்டிதான் வைத்திருக்கிறார்களாம், சின்னத் தெருவில் நிறுத்த முடிந்தால் போதுமாம், யாரும் யாரையும் கேட்பதில்லையாம். ஆக வண்டி பெரிதா சின்னதா என்பது வண்டியில் இல்லை, பார்க்கிறவர்களின் கண்ணில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு ஊருக்குத் திரும்பிய திலகவதி என்ன செய்தாள், அந்தக் கண்ணையே விற்க ஆரம்பித்தாள்.

அதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தாள், அவளுடைய சொந்த வாக்கியம். கம்பெனி பெரிய வண்டிகளை விற்றுத் தள்ளச் சொன்னது, டிட்லி பார்க்க வந்தவர்களை மெல்ல அடுத்த வண்டிக்கு நகர்த்த வேண்டும், மற்றவர்கள் தவணைக் கணக்கெல்லாம் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். திலகவதி வந்தவரை டிட்லியின் முன்னால் நிறுத்திப் பிரியமாகக் கேட்பாள்: "நாளைக்குச் சம்பந்தி வீட்டு வாசல்ல இதைக் கொண்டுபோயி நிறுத்துவீங்களா, நீங்களே சொல்லுங்க?" அவ்வளவுதான். லேசாகச் சிரித்துவிட்டுப் பெரிய வண்டிப் பக்கம் திரும்புவார்கள். ஆறு ஊர் கிளைகளிலும் அந்த வாக்கியம் பரவியது, அவளைப் பாராட்டி மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள், ஷோகேஸில் இருக்கிறது, சம்பந்தியம்மாள் அன்றைக்குப் பார்த்தது அதையும் சேர்த்துத்தான். இப்போது அந்த வாக்கியம் கேட் கம்பியில் எழுதியிருப்பது மாதிரி எதிரே நிற்கிறது. நிறுத்துவீங்களா, நீங்களே சொல்லுங்க. நிறுத்துவேன், ஏன் நிறுத்தக் கூடாது, எனக்கென்ன பயம், யார் காசில் வாங்கினேன், வேலை பார்த்து வாங்கினேன். பயம் இல்லை என்றால் சர்வீஸுக்கு ஏன் விட்டாய். தேதி வந்தது விட்டேன். தேதி அடுத்த வாரம்தான் வந்தது திலகா. அடுத்த வாரம் வேலை அதிகம், அதனால் முன்னாலேயே. அடுத்த வாரம் என்ன வேலை. அவள் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், வெயில் ஜாஸ்தி. சரி, விட்டேன், ஒளித்து வைக்கத்தான் விட்டேன், இப்போது என்ன. ஷோரூமுக்குள் ஒருவர் நுழைந்ததும் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்ப்பாள், ஸ்டியரிங்குக்குப் போகிறதா, விலைச் சீட்டுக்குப் போகிறதா, பக்கத்தில் நிற்கிற மனைவியின் முகத்துக்குப் போகிறதா, அதிலேயே அந்த ஆளின் ஜாதகம் முழுக்கத் தெரிந்துவிடும், ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இன்றைக்கும் தப்பாது. டிட்லி போய் வாசலில் நின்றதும் அந்தம்மாள் வெளியே வருவாள், அவள் கண் முதலில் வண்டிக்குப் போகுமா, இறங்குகிறவர்களின் முகத்துக்கு வருமா, அந்த ஒரு நொடியில் சிந்து போய் வாழப்போகிற வீடு எப்படிப்பட்ட வீடு என்று திலகவதிக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் பயம். வண்டிக்குப் போய்விட்டால் என்ன செய்வது, பெண் அந்தப் பையன் மேல் உயிரை வைத்திருக்கிறாள். வெள்ளைக் காரில் போய் இறங்கினால் எதுவும் தெரியாது, எல்லோரும் சிரிப்பார்கள், காபி வரும், தேதி குறிப்பார்கள். தெரியாமல் இருந்துவிட்டால் என்ன குறைந்துபோகும். "ரயிலக் காணமேய்யா" என்றாள் மதினி, விசிறிக்கொண்டே.

ஃபோன் அடித்தது. சிந்து. "அம்மா, எங்க இருக்கீங்க?" கேட்டில் என்றாள் திலகவதி. "மாமா சொன்னாரா, பெரிய வண்டி பத்தி?" உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள், கேட்கும்போதே கண்ணாடியில் கருணாகரனைப் பார்த்தாள், அவன் அவசரமாகத் தலையைத் திருப்பி வெள்ளரிப்பிஞ்சு விலை கேட்டான். "மாமா இல்லம்மா. நான்தான் மாமாவ ஏற்பாடு பண்ணச் சொன்னேன்." திலகவதிக்குச் சுருக்கென்றது. தம்பிக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிடையாதே என்று காலையிலேயே தோன்றியிருக்க வேண்டும். மூலை நாற்காலியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த குழந்தை, அம்மா பிரியமாகக் கேட்ட அந்தக் கேள்வியை எத்தனை சாயங்காலம் காதில் வாங்கியிருக்கும், வாங்கிக்கொண்டு அதே டிட்லியில் ஏறி வீட்டுக்கு வந்திருக்கும், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கண்ணை அவளுக்கும் சேர்த்து விற்றுவிட்டேன். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "கோவமாம்மா? நம்ம வண்டி கேவலம்னு நான் நெனைக்கல, சத்தியமா இல்ல. அவங்கம்மா அதைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சிட்டாங்கன்னா நான் எப்படிம்மா அந்த வீட்ல போயி இருப்பேன்? அவரை விட்டுட்டும் என்னால இருக்க முடியாது. தெரியாமயே போயிறட்டுமேம்மா." இதற்காகத்தானே அம்மாவும் டிட்லியை சர்வீஸ் செண்டரில் கொண்டுபோய் விட்டாள். பெண்ணுக்கு மூக்கு அப்பா ஜாடை, பயம் அம்மா ஜாடை.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல், பெட்டிக்குப் பின்னால் பெட்டியாக, டிட்லியின் தகரமெல்லாம் அதிர்ந்தது, பைக்கில் இருந்த குழந்தை கையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் பேச முடியாது, திலகவதி ஃபோனைப் பிடித்தபடி காத்திருந்தாள், அந்தப் பக்கம் சிந்துவும் வைக்காமல் காத்திருந்தாள். காத்திருக்கத் திலகவதிக்குத் தெரியும், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குடும்பம் உள்ளே பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது வெளியே நின்று காத்திருந்தவள் அவள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஓட்டிப் பார்க்க வேண்டாம்க்கா, உங்களை நம்புறோம், பில் போடுங்க என்று. ஒருவரையும் அவள் விட்டதில்லை, சாவியைக் கையில் திணித்து ஒரு சுற்று போய்விட்டு வரச் சொல்வாள், இன்றைக்குத் தெரிய வேண்டியது இன்றைக்கே தெரிந்துவிடட்டும், வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு தெரிந்தால் சங்கடம் உங்களுக்குத்தான் என்பாள். கடைசிப் பெட்டி போனது, சத்தம் தேய்ந்தது, வெயில் மறுபடி வந்து உட்கார்ந்தது. "சிந்து." "சொல்லும்மா." "ஓட்டிப் பாக்காம நான் யாருக்காச்சும் வண்டி வித்திருக்கேனா?" "இல்ல." "அப்ப நான் போயி ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன்." "சிரிச்சிட்டாங்கன்னா?" "சிரிச்சாங்கன்னு வந்து சொல்றேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன். வாழப்போறவ நீ, தெரிஞ்சுக்கிட்டு வாழு. வேணாம்னு தோணினாலும் நான் இருக்கேன், வேணும்னு தோணினாலும் நான் இருக்கேன்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சிந்து, "பாத்துப் போங்கம்மா, டர்னிங்ல செகண்ட் கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்றாள், பள்ளத்தில் இறக்கியவள் அம்மாவுக்குச் சொல்லித்தருகிறாள். திலகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பி ஏறியது. இரண்டு பக்கமும் எல்லா ஹாரன்களும் ஒன்றாக அலறின, பைக் முதலில் பாய்ந்தது, டிட்லி தண்டவாளத்தின் மேல் குலுங்கி ஏறி இறங்கியது. பங்க் நெருங்கியது. வெள்ளைக் காரின் டிரைவர் இவர்களைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, நிப்பாட்டு" என்றான் கருணாகரன். "உனக்கு அதுல போகணும்னா எறங்கிக்கடா. நாங்க நாலு பேரும் இதுல போறோம்" என்றாள் திலகவதி. "நாலு பேரா? நல்ல காரியத்துக்கா? ஆகாது, ஆகாது, எறங்காத தம்பி" என்று மதினி இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மல்லிகா விழித்து, வந்திருச்சா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். வெள்ளைக் கார் பக்கவாட்டில் வந்து, பின்னால் போய், கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது. பயம் எங்கும் போய்விடவில்லை, கூடவேதான் வருகிறது, ஒற்றைப்படைக் கணக்கில் சேராமல் ஆறாவது ஆளாக. வரட்டும். ஷோரூம் மாடிப்படியில் முதல் நாள் ஏறியபோதும் கூடவே ஏறி வந்தது, அன்றைக்கே இரண்டு வண்டி விற்றாள். டர்னிங்கில் செகண்ட் கியர் சொன்னபடியே மக்கர் பண்ணியது, ஒரு தட்டுத் தட்டினாள், விழுந்தது. நிறுத்துவீங்களா, நீங்களே சொல்லுங்க.

"நிறுத்துவேன்" என்றாள் வாய்விட்டு.

"என்னது?" என்றார் கணபதி.

"வாசலுக்கு நேரா நிறுத்துவேன்னேன்."

கணபதி கூடையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து கொடுக்காத ஒன்றைக் கொடுக்கப்போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹாரன் அடிச்சு நிறுத்து" என்றார்.